என்னைச் சான்றாகக் காட்டாதீர்கள்



உபாகமம் ஆறாம் அதிகாரத்தைக் குறித்து நான் பிரசங்கித்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பின்பு, நம் சபையில் சில குடும்பங்கள் வருகிற ஜூன் மாதம் தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதில்லை என்று யோசித்துவருவதாக அறிந்தேன். பிள்ளைகளுக்கு எதைக் கற்பிக்க வேண்டும் என்று பெற்றோர் கவலைப்படுவது நல்லது. அதற்காகத் தேவனைத் துதிக்கிறேன். ஆனால் அந்த யோசனைக்கு ஆதரவாக வீடுகளிலும் ஜெபக்கூட்டங்களிலும் ஒரு வாதம் வழங்கிவருகிறது. “போதகர் ஐயாவே பத்து வயது வரை பள்ளிக்கூட வாசலை மிதித்தவர் அல்ல, தாயிடம் வீட்டிலேயே படித்தவர். அவர் என்ன குறைந்துபோனார்?” என்கிறார்கள். என் வாழ்க்கையை எடுத்து அந்த வழக்கிலே சாட்சிக்கூண்டில் நிறுத்துகிறார்கள். ஆகையால் சாட்சி தானே வாயைத் திறப்பது முறையென்று எண்ணுகிறேன்.

நான் வீட்டில் படித்தது உண்மை. என் பெற்றோர் நெல்லைச் சீமையிலிருந்து வடக்கே ஊழியத்துக்குச் சென்றவர்கள். அன்று பீகாரிலும் இன்று ஜார்க்கண்டிலும் இருக்கிற ராஜ்மகால் மலைகளில், மால்டோ மொழி பேசும் பஹாரியா மக்களுக்குள்ளே அவர்கள் வாழ்ந்தார்கள். அந்நாட்களில் மிஷனெரிகளின் பிள்ளைகள் ஐந்து ஆறு வயதிலேயே தமிழ்நாட்டு விடுதிகளுக்கு அனுப்பப்படுவார்கள். இரண்டு நாள் ரயில் பயணம். வருஷத்துக்கு ஒருமுறை பெற்றோரைக் காணும் பாக்கியம். என் தாய் அதற்குச் சம்மதிக்கவில்லை. எங்கள் மலையடிவாரத்தில் பள்ளிக்கூடம் என்று ஒரு கட்டடம் இருந்தது, ஆசிரியர் வருவதில்லை. எனவே அம்மா சிலேட்டை எடுத்தார்கள். பள்ளியை வெறுத்து அல்ல, பள்ளி இல்லாமையால் எடுத்தார்கள் என்பதை முதலாவது குறித்துக்கொள்ளுங்கள்.

பாடநூல்கள் ஊரிலிருந்து தபாலில் வரும். சில வேளைகளில் இரண்டாம் பருவம் முடிந்த பிறகு முதல் பருவத்துப் புத்தகம் வந்துசேரும். அதனால் கையில் உள்ளதைக்கொண்டு கற்பிக்கும் கலையை அம்மா பழகிக்கொண்டார்கள். பெருக்கல் வாய்ப்பாட்டை 119ஆம் சங்கீதத்திலிருந்து கற்றேன். அந்தச் சங்கீதத்திலே 22 பகுதிகள், பகுதிக்கு எட்டு வசனங்கள்; மொத்தம் எத்தனை என்று கேட்பார்கள். 176 என்று நான் கண்டுபிடித்த பின்பு, வேதாகமத்தைத் திறந்து கடைசி வசனத்தின் எண்ணைப் பார்க்கச் சொல்லுவார்கள். கணக்கு சரியென்று புத்தகமே சொல்லும், அம்மா சொல்லவேண்டியதில்லை. பவுலின் பயணங்களை வரைந்து புவியியல். சாபைப் புல்லைக் கட்டுக்கட்டாக எடைபோட்டு விற்கும் சந்தையிலே நிறுத்தல் அளவை. அங்கே வியாபாரி தராசை எந்த விரலால் அழுத்துகிறான் என்பதும் பாடத்தில் அடங்கும்.

ஆனால் அந்த வீட்டிலே எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாடத்தை அம்மா கற்பிக்கவில்லை. எங்களுக்குத் தண்ணீர் எடுக்கும் வழியைக் காட்டிய ஒரு பஹாரியா மூதாட்டி கற்பித்தார். கண்ணைத் தொட்டு, தொண்டையின் ஆழத்திலிருந்து எழும்பும் ககரத்தோடு ‘கனு’ என்றார். பல்லைத் தொட்டு ‘பலு’ என்றார். நான் சிரித்தேன், அம்மா சிரிக்கவில்லை. அவர்கள் இடையன்குடிக்கு அருகே பிறந்தவர்கள். தன் ஊரில் ஊழியம்செய்த கால்டுவெல் ஐயர் ராஜ்மகால் மொழியையும் நம் மொழிக்குடும்பத்தில் சேர்த்து எழுதியிருக்கிறார் என்று அன்றிரவு அரிக்கேன் விளக்கின் அருகே எனக்கு விளக்கினார்கள். ஏறத்தாழ இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், எழுத்தறியாத ஒரு பாட்டியின் வாயில் எங்கள் சொற்கள் இருந்தன. அதற்குப் பிறகு அந்தப் பாட்டி வாரத்தில் இரண்டு நாள் எங்கள் திண்ணையில் ‘வாத்தியாராக’ அமர்ந்தார். கற்பிக்கச் சென்ற குடும்பம் கற்றுக்கொள்ளவும் அமர்ந்தது.

அருமையானவர்களே, நான் சாட்சியாக அழைக்கப்படுவேனாகில் என் சாட்சி இதுதான்: அந்த வீட்டுக்கு வாசல் இருந்தது, கதவு இல்லை. இன்று நம் நடுவிலே பேசப்படுகிற வீட்டுக்கல்விக்கோ முதலாவது கதவுதான் செய்யப்படுகிறது. இரண்டும் வெவ்வேறு காரியங்கள். ஒன்றின் பலனைக் காட்டி மற்றொன்றை விற்கலாகாது.

“உலகத்திலிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றுகிறோம், வீடு நோவாவின் பேழை” என்கிறார்கள். பிரிந்து வாருங்கள் என்னும் இரண்டாம் கொரிந்தியர் ஆறாம் அதிகாரத்து வார்த்தையையும் எடுத்துக்காட்டுகிறார்கள். அதே பவுல் அதே சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தை ஏன் வாசிப்பதில்லை? உலகத்தாரோடு கலவாதிருக்க வேண்டுமானால் உலகத்தை விட்டே போகவேண்டியிருக்குமே என்று அங்கே அவர் தாமே விளக்கம் தருகிறாரல்லவா? தானியேல் கல்தேயருடைய எழுத்தையும் பாஷையையும் கற்றான். ராஜாவின் போஜனத்தை மறுத்தான். ராஜாவின் பாடத்தை மறுக்கவில்லை. எதை மறுப்பது, எதைக் கற்பது என்று பகுத்தறியும் புத்தி அவனுக்கு எருசலேமிலே ஒரு வீட்டில் ஊட்டப்பட்டிருந்தது. மோசே எகிப்தியருடைய சகல சாஸ்திரங்களிலும் தேறினவன் என்று ஸ்தேவான் சொல்லுவதைக் குறையாகவா சொல்லுகிறான்? பேழையைப் பற்றி ஒன்று: அதன் கதவை அடைத்தவர் கர்த்தர், நோவா அல்ல. தண்ணீர் வற்றியதும் முழுக்குடும்பத்தையும் வெளியே போகச் சொன்னவரும் அவரே.

இந்தப் போராட்டம் எங்கிருந்து நமக்கு வந்தது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் 1962, 1963 ஆகிய ஆண்டுகளின் தீர்ப்புகளால், அரசுப் பள்ளிகளில் அதிகாரபூர்வமாக நடந்துவந்த ஜெபத்தையும் வேதவாசிப்பையும் நிறுத்தியது. அந்தக் காயத்தின் வலி அங்குள்ள விசுவாசிகள் பலரைப் பள்ளியை விட்டு வெளியேறச் செய்த காரணங்களுள் ஒன்று. அவர்களை நான் நியாயந்தீர்க்கவில்லை. (அந்நாட்டில் இவ்வியக்கத்துக்கு முதலில் குரல்கொடுத்தவர்களுள் முக்கியமானவரான ஜான் ஹோல்ட் திருச்சபைக்காரர் அல்லர், 1977இல் அவர் தொடங்கிய பத்திரிகை, பள்ளி பிள்ளையின் ஆர்வத்தைக் கொன்றுவிடுகிறது என்ற காரணத்துக்காக எழுந்தது. பள்ளியில் பாவம் இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. சலிப்பு இருக்கிறது என்றார். அந்தக் குற்றச்சாட்டில் எனக்கு ஓரளவு உடன்பாடும் உண்டு.)

ஆனால் நம்முடைய சரித்திரம் வேறு. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க், திண்ணைப்பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். அடுத்த ஆண்டே பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி திறந்தார். இந்த மண்ணிலே நம் சபைகள் கோயிலைக் கட்டும் முன்பே பள்ளியைக் கட்டிய ஊர்கள் உண்டு. ஒரே கூரை வாரத்தில் ஆறு நாள் பள்ளியாகவும் ஏழாம் நாள் ஆலயமாகவும் இருந்தது. நம்மில் அநேகருடைய பாட்டிமார், பூட்டிமார் தங்கள் பெயரை எழுதக் கற்றது அங்கேதான். அவர்களை வீட்டில் வைத்துக் கற்பித்திருக்கலாமே என்று ஒருவன் கேட்பானாகில், எந்த வீட்டில், யார் கற்பித்திருப்பார்கள் என்று அவனிடம் திருப்பிக் கேளுங்கள். எழுத்தும் புத்தகமும் சிலருடைய வீட்டுக்குள் மட்டும் இருந்த நாட்கள் அவை. வீட்டுக்கல்வி என்பது வீட்டில் கல்வி உள்ளவர்களுக்கே கிடைக்கும். பள்ளியோ, அது இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் வாசலைத் திறக்கிறது.

இதை என்னைவிட நன்றாய் அறிந்தவர் பண்டித ரமாபாய். 1858இல் பிறந்தவர், அவருடைய தகப்பன் அனந்த சாஸ்திரி தன் மனைவி லட்சுமிபாய்க்குச் சமஸ்கிருதம் கற்பித்ததினால் வைதிகரின் எதிர்ப்புக்கு ஆளாகிக் காட்டுக்குள் குடியேறினவர். அந்தத் தாய் தன் மகளுக்குக் கற்பித்தார். பஞ்சக் காலத்தில் பெற்றோரை இழந்து, தேசமெங்கும் கால்நடையாய்த் திரிந்த அந்தப் பெண்ணின் கல்வியைக் கண்டு, 1878இல் கல்கத்தாவின் பண்டிதர்கள் பட்டம் கொடுத்தார்கள். இந்தியாவில் வீட்டுக்கல்வியின் மகிமைக்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது. ஆனால் அந்த அம்மையார் தாம் பெற்றதைக்கொண்டு என்ன செய்தார்? “எல்லாரும் என்னைப்போல் வீட்டில் படியுங்கள்” என்று சொன்னாரா? 1882இல் கல்விக் குழுவின் முன் நின்று, பெண்களுக்குப் பெண் ஆசிரியர்கள் வேண்டும் என்று வாதாடினார். 1883இல் ஞானஸ்நானம் பெற்றார். 1889இல் பம்பாயில் விதவைகளுக்காகச் சாரதா சதனம் என்ற பள்ளியைத் திறந்தார். வீட்டில் படித்த மகள் வீடில்லாத மகள்களுக்குப் பள்ளி கட்டினார்.

இப்போது என்னை எழுதத் தூண்டிய காரியத்துக்கு வருகிறேன். இதுவரை சொன்னதெல்லாம் அதற்கு முன்னுரை என்றாலும் குற்றமில்லை.

வீட்டுச் சந்திப்புகளில் நான் கவனித்த ஒன்று உண்டு. பள்ளியிலிருந்து நிறுத்த வேண்டும் என்னும் பேச்சு எழும் வீடுகளில், அது பெரும்பாலும் மகளைக் குறித்தே எழுகிறது. மகன் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துப் பொறியியலுக்கு ஆயத்தப்படவேண்டும். அவனுக்கு உலகத்தின் கறை ஒட்டாது போலும். மகள் எட்டாம் வகுப்புக்கு வந்ததும் கறையைப் பற்றிய பயம் பிடிக்கிறது. அவளுக்குக் கைப்பேசியில் சில காணொளிகள், வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஒரு பயிற்சிநூல், அதற்குப் ‘பக்தியான கல்வி’ என்று பெயர். நான் போகும்போது அவள் பாத்திரம் விளக்குகிறாள், தம்பியைக் குளிப்பாட்டுகிறாள், எனக்குத் தேநீர் கொண்டுவருகிறாள். அந்தப் பயிற்சிநூலின் பதினோராம் பக்கத்துக்குப் பின் எல்லாம் வெறுமையாய் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். இதற்குக் கல்வி என்று பேரிடாதீர்கள். உபாகமத்தை இதன்மேல் போர்த்தாதீர்கள்.

சூசன்னா வெஸ்லி அம்மையாரை உதாரணம் காட்டாத வீட்டுக்கல்விப் பேச்சே இல்லை. 19 பிள்ளைகளைப் பெற்று, அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேரைச் சிசுப்பருவத்தில் அடக்கம்செய்து, மீந்தவர்களுக்கு எப்வொர்த் குருமனையில் நாளுக்கு ஆறு மணி நேரம் பள்ளி நடத்தினவர். பிள்ளை ஒவ்வொருவனோடும் வாரத்தில் ஒரு மாலை தனியே பேசினவர். எல்லாம் மெய். அவர் தம் மகன் ஜானுக்கு 1732இல் எழுதிய நீண்ட கடிதத்திலே தம் வீட்டு விதிகளை வரிசையாய்ச் சொல்லுகிறார். அவற்றுள் ஒன்று: நன்றாக வாசிக்கத் தெரியும்வரை எந்தப் பெண்பிள்ளையையும் கைவேலையில் அமர்த்தக்கூடாது என்பது. அவரை மாதிரி என்கிறவர்களின் வாயிலிருந்து இந்த விதியை நான் இன்னும் கேட்டதில்லை. அவருடைய மகள் ஹெட்டி எட்டு வயதில் கிரேக்கம் வாசித்தாள் என்பதையும் கேட்டதில்லை. அந்தத் தாயின் குமாரரோ என்றைக்கும் வீட்டிலேயே இருக்கவில்லை. ஜான் பத்து வயதில், 1714இல், லண்டனிலுள்ள சார்ட்டர்ஹவுஸ் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். வீடு அஸ்திபாரம் போட்டது; பிள்ளையை அடைத்துவைக்கவில்லை.

நானும் பதினோராம் வயதில் மலையிலிருந்து இறங்கி, நெல்லைச் சீமையில் ஒரு பள்ளி விடுதிக்கு வந்து ஆறாம் வகுப்பில் அமர்ந்தேன். பாடத்தில் குறைவிருக்கவில்லை. வேறு காரியங்களில் நான் சிசுவாயிருந்தேன். நாற்பது பேருக்கு நடுவே என் முறை வரும்வரை காத்திருப்பது, எல்லாரும் பார்க்கத் தப்பான விடை சொல்லிவிட்டு மறுநாளும் கை உயர்த்துவது, என்னை நேசிக்காத ஒருவனோடு ஒரே பெஞ்சைப் பகிர்ந்துகொள்வது ஆகிய இவைகளை என் தாயால் எனக்குக் கற்பித்திருக்க முடியாது. எப்படி முடியும்? அவர்கள் என்னை நேசித்தார்களே. என் பக்கத்தில் அமர்ந்தவன் ஒரு நாதஸ்வரக் கலைஞரின் மகன். அவன் அதிகாலையில் மூச்சுப்பயிற்சி செய்தபின்பே பள்ளிக்கு வருவான். தகப்பனிடமிருந்து பிள்ளை கற்பதென்றால் என்னவென்று உபாகமத்தின் வியாக்கியானங்கள் பலவற்றைவிட அவன் எனக்குத் தெளிவாய்க் காட்டினான். அவன் விக்கிரகாராதனைக்காரன் என்று சொல்லி என்னை அவனிடமிருந்து விலக்கியிருந்தால் யாருக்கு லாபம்?

பள்ளியைத் தாங்கிப் பேசுகிறேன் என்று எண்ணிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாய் இருக்கிறவர்கள் மகிழவேண்டாம். காலை எட்டு மணிக்குப் பள்ளி வண்டி, மாலை ஐந்து மணிக்கு டியூஷன், ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பாடசாலை. கணக்கு ஒருவரிடம், கர்த்தர் ஒருவரிடம், பெற்றோருக்குக் கட்டணம் செலுத்தும் பொறுப்பு மாத்திரம். கதவை அடைக்கிற வீடும் இந்த வீடும் தூரத்து உறவல்ல, உடன்பிறப்பு. ஒன்று கல்வியை வெளிநாட்டுப் பெட்டியில் வாங்குகிறது. மற்றொன்று தவணைமுறையில் வாங்குகிறது.

உபாகமம் ஆறில் யாரும் கவனியாமல் கடந்துபோகும் ஒரு இடம் உண்டு. வீட்டில் உட்காரும்போதும் வழியில் நடக்கும்போதும் பேசவேண்டும் என்கிற வசனத்தை அனைவரும் அறிவோம். சுவரில் மாட்டியும் வைத்திருக்கிறோம். அதே அதிகாரத்தின் 20ஆம் வசனத்தில் குமாரன் கேள்வி கேட்கிறான். இந்தக் கட்டளைகள் எதற்கு என்று கேட்கிறான். பஸ்கா இரவிலும் பிள்ளை கேட்கிறது. யோர்தானிலிருந்து எடுத்த கற்களைப் பார்த்தும் பிள்ளை கேட்கிறது. பன்னிரண்டு வயதில் நம் ஆண்டவர் தேவாலயத்திலே போதகர்களுக்கு நடுவே கேட்டுக்கொண்டும் வினாவிக்கொண்டும் இருந்தார். அவருடைய தாய்க்கு அது உடனே விளங்கவில்லை என்றும் லூக்கா மறைக்காமல் எழுதுகிறார். வேதத்தின்படியான வீட்டுக்கல்வி பிள்ளையின் கேள்விக்கு இடம்விடுகிற கல்வி. பயத்தினால் பள்ளியிலிருந்து இழுத்துக்கொண்ட வீட்டில் முதலாவது சாகிறது அந்தக் கேள்விதான். ஏனெனில் அங்கே கேள்வியே உலகத்தின் அடையாளமாகப் பார்க்கப்படுகிறது.

வழியில் நடக்கும்போது பேசு என்று கட்டளை வந்தது தகப்பன்மாருக்கு. நான் அறிந்தவரையில் வீட்டுக்கல்வியை அறிவிப்பது தகப்பன், நடத்துவது தாய். என் தாய் ஆசிரியப் பயிற்சி பெற்றவர்; காலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டி, மருந்துப்பெட்டியோடு வரும் நோயாளிகளைக் கவனித்து, மலேரியாக் காய்ச்சலோடேயும் எனக்கு வகுத்தல் சொல்லிக்கொடுத்தார்கள். அது எத்தனை பாரமென்று எனக்கு வயதுவந்த பிறகே விளங்கியது. அந்தப் பாரத்தை மனைவியிடம் கேட்காமலே அவள் தோளில் ஏற்றுகிற சகோதரனே, கால அட்டவணையில் உன் பெயர் எந்த மணிக்கு எழுதப்பட்டிருக்கிறது?

சட்டத்தைக் குறித்தும் ஒரு வார்த்தை. 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள கல்வியுரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயது வரையான கல்வியைப் பிள்ளையின் உரிமையாக வைத்திருக்கிறது. பெற்றோரின் உரிமையாக அல்ல. உடல்நலக் குறைவினாலோ, உண்மையான வேறு தேவையினாலோ பிள்ளையை வீட்டில் கற்பிக்கவேண்டிய குடும்பங்களும் உண்டு. அவர்களுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் தேர்வு இருக்கிறது. தனித்தேர்வராக எழுதும் வழியும் இருக்கிறது. அந்தக் குடும்பங்களோடு அமர்ந்து விண்ணப்பம் நிரப்பவும் ஆயத்தமாயிருக்கிறேன். அவர்கள் இந்தக் கடிதத்தினால் மனம் நோகவேண்டாம். இது அவர்களுக்கு எழுதப்பட்டதல்ல.

மற்றவர்களின் வீடுகளுக்கு இம்மாதம் முடியுமுன் வருவேன். முடிவைச் சொல்ல வேண்டியவர் தகப்பன் அல்ல. பிள்ளையின் வாயிலிருந்து கேட்க விரும்புகிறேன். அவள் எதைப் படிக்க ஆசைப்படுகிறாள், எதற்குப் பயப்படுகிறாள், பள்ளியில் அவளுக்கு யாராலாவது துன்பம் உண்டா என்று கேட்பேன். துன்பம் உண்டென்றால் பள்ளித் தலைமையாசிரியரைச் சந்திக்க உங்களோடு நானும் வருகிறேன். அன்றைக்குத் தேநீரை அவள் போடவேண்டாம். அவள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கட்டும்.